ஏற்றுமதிக்குப் பிறந்த சிந்துபாத்

2004-ஆம் ஆண்டுக்கான முழுநீள அனிமேஷன் ஆஸ்கருக்குப் போட்டியிடத் தகுதியானவை என்று அமெரிக்க அகாதமி பதினொரு படங்களை அறிவித்தது. ‘தி இன்கிரெடிபிள்ஸ்’, ‘ஷ்ரெக் 2’, ‘ஷார்க் டேல்’, ‘தி போலார் எக்ஸ்பிரஸ்’ என்று போன அந்தப் பட்டியலில் ‘தி லெஜண்ட் ஆஃப் புத்தா’ என்றொரு பெயரும் இருந்தது. அடுத்த ஆண்டுப் பட்டியலில் பத்துப் படங்கள். மியாசாகியின் ‘ஹவுல்ஸ் மூவிங் காசில்’, டிம் பர்ட்டனின் ‘கார்ப்ஸ் பிரைட்’ ஆகியவற்றோடு ‘கலிவர்ஸ் டிராவல்’. இவற்றுக்கு முன்பே, ‘ஸ்பிரிட்டட் அவே’ பரிசை அள்ளிக்கொண்டு போன 2002-ஆம் ஆண்டுப் பட்டியலில் ‘அலிபாபா அண்ட் த ஃபார்ட்டி தீவ்ஸ்’. மூன்றையும் எடுத்தது ஒரே கம்பெனி. அதன் முகவரி: டாரஸ், 25, முதல் பிரதான சாலை, யுனைடெட் இந்தியா காலனி, கோடம்பாக்கம், சென்னை 24. தியாகராய நகரிலிருந்து மேம்பாலம் ஏறி இறங்கினால் வந்துவிடும் இடம்.

இதை ரொம்பவும் ஊதிப் பெரிதாக்க வேண்டியதில்லை. தகுதிப் பட்டியல் வேறு, பரிந்துரைப் பட்டியல் வேறு. லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் ஒரு அரங்கைப் பிடித்து ஏழு நாள் ஓட்டிவிட்டு, படிவத்தை ஒழுங்காக நிரப்பிக் கொடுத்தால் முதல் பட்டியலில் இடம் கிடைக்கும். கோடம்பாக்கத்துப் படங்கள் எதுவும் அதற்கு மேல் ஒரு படி ஏறவில்லை. என்றாலும் ஒரு கம்பெனி மூன்று முறை பிடிவாதமாக அந்தப் படிவத்தை நிரப்பியிருக்கிறது. உலகக் குழந்தைகளுக்குச் சென்னையில் படம் எடுத்து விற்க முடியும் என்று நம்பிய கம்பெனி அது. பெண்டாமீடியா கிராஃபிக்ஸ். அதற்கு முன்னால் அதன் பெயர் பெண்டாஃபோர் சாஃப்ட்வேர் அண்ட் எக்ஸ்போர்ட்ஸ். தலைவர் வி. சந்திரசேகரன்.

புத்தருக்கும் கலிவருக்கும் அலிபாபாவுக்கும் மூத்த பிள்ளை ஒன்று உண்டு. ‘சின்பாத்: பியாண்ட் த வெயில் ஆஃப் மிஸ்ட்ஸ்’. மனிதக் கதாபாத்திரங்கள் அத்தனையையும் மோஷன் கேப்சர் முறையிலேயே அசைய வைத்த உலகின் முதல் முழுநீளக் கணினி அனிமேஷன் படம் என்ற பட்டம் அதற்குத்தான். இந்தப் பட்டத்தை ‘ஃபைனல் ஃபேன்டஸி’க்கோ ‘போலார் எக்ஸ்பிரஸு’க்கோ தூக்கிக் கொடுப்பவர்கள் உண்டு. முன்னது 2001 ஜூலையில் வந்தது, பின்னது 2004-இல். சிந்துபாத் வந்தது 2000 பிப்ரவரியில்.

முதல் காட்சி கோடம்பாக்கத்தில் படமாகவில்லை. 1997-இல் லாஸ் ஏஞ்சலஸ் ராலே ஸ்டுடியோவில், ஏறத்தாழ மூன்று மாதம் நடிகர்களை வைத்து அசைவுகளைப் பதிவு செய்தார்கள். மெல்ரோஸ் அவென்யூவில், பாரமவுண்டுக்கு எதிரே இருக்கும் பழைய ஸ்டுடியோ அது. அங்கே கூட்டாளி இம்ப்ரோவிஷன் என்ற நிறுவனம். இயக்கம் இவான் ரிக்ஸ், ஆலன் ஜேகப்ஸ் இருவரும்.

மோஷன் கேப்சர் தளத்தில் என்ன நடக்கும்? வழக்கமான முறை இது. நடிகர் உடம்போடு ஒட்டிய உடுப்பு போட்டிருப்பார். தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று மூட்டுக்கு மூட்டு, வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் சின்னச் சின்ன உருண்டைகள். சுற்றிலும் கேமராக்கள். அந்தக் கேமராக்களுக்கு ஆளின் மூக்கும் முழியும் வேண்டாம், உருண்டைகள் தெரிந்தால் போதும். ஒரே உருண்டையை இரண்டு மூன்று கேமராக்கள் வேறு வேறு கோணத்தில் பார்த்துவிட்டால், அந்த நொடியில் அது தளத்தில் எங்கே இருக்கிறது என்று கணினி முக்கோணக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். எல்லா உருண்டைகளையும் சேர்த்தால் ஓர் எலும்புக்கூடு நடக்கும், ஓடும், குனியும். அந்த எலும்புக்கூட்டின் மேல் சிந்துபாத்தைப் போர்த்த வேண்டும். பொம்மலாட்டக்காரர் விரலுக்கும் பொம்மைக்கும் நடுவே நூல் இருக்கும், இங்கே நூலுக்குப் பதில் எண்கள்.

ஆள் அசைவிலிருந்து படத்தை அசைய வைக்கும் ஆசை புதிதல்ல. 1915-இல் மாக்ஸ் ஃப்ளைஷர் தன் தம்பி டேவுக்குக் கோமாளி உடை மாட்டி ஆடவிட்டுப் படம் பிடித்து, ஒவ்வொரு ஃப்ரேமாகக் கண்ணாடிப் பலகையில் வைத்து அதன்மேல் வரைந்தார். கணினி வந்தபின் விளம்பரங்களிலும் வீடியோ கேம்களிலும் துண்டு துண்டாக மோஷன் கேப்சர் நுழைந்தது. ஆனால் ராஜாவும் ராணியும் கப்பல்காரனும் காவல்காரனும் இந்த முறையில் மட்டுமே நடமாட, ஒரு முழுப் படத்தை ஓட்டிவிடலாம் என்ற துணிச்சல் அதற்கு முன் யாருக்கும் வரவில்லை. துணிச்சலுக்குக் காரணம் கலை அல்ல, காசு என்றுதான் நான் நினைக்கிறேன். கை வரைவதை உடம்பு செய்துவிட்டால் நாள் மிச்சம், ஆள் மிச்சம். எஞ்சுகிற வேலையைச் சம்பளம் குறைந்த ஊரில் செய்துகொள்ளலாம். கணக்கு அப்படித்தான் போடப்பட்டிருக்கும்.

எஞ்சுகிற வேலை லேசுப்பட்டது அல்ல என்பது வேறு கதை. எண்பது நிமிடப் படம் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 24 ஃப்ரேம் வீதம் 1,15,200 ஃப்ரேம்கள். ஒவ்வொன்றிலும் வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, நிழல் எங்கே போகிறது, துணி எந்தப் பக்கம் மடிகிறது என்று கணக்கிட்டுக் கணினி ரெண்டர் செய்து முடிக்க வேண்டும். அன்றைய எந்திரங்களின் வேகத்தில் அது ராத்திரி பகலாக ஓடுகிற வேலை. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வரும் அசைவுத் தரவும் சுத்தமாக வராது. நடிகர் உயரம் வேறு, கதாபாத்திரத்தின் உயரம் வேறு, ஆகவே கால் தரையில் பாவாமல் வழுக்கும். வாளைப் பிடித்த கை வாளுக்குள் புகுந்துவிடும். ஒரு கேமராவுக்கு மறைந்துபோன உருண்டை இன்னோர் உருண்டையோடு குழம்பி, முழங்கை முதுகுப் பக்கம் திரும்பிக்கொள்ளும். கூந்தல், அங்கி, தாடி இவற்றையெல்லாம் அந்த உருண்டைகள் பிடிக்கவே பிடிக்காது. ஒவ்வொன்றையும் ஒருவர் உட்கார்ந்து நேராக்க வேண்டும். மோ-கேப் வேலை தெரிந்தவர்கள் இதைச் ‘சுத்தம் பண்றது’ என்பார்கள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருக்கிற அழுக்கு.

ஆக, காதில் விழுவது முழுக்க ஹாலிவுட், கண்ணில் படுவதில் பெரும்பங்கு கோடம்பாக்கம். சிந்துபாத்துக்குக் குரல் கொடுத்தவர் பிரெண்டன் ஃப்ரேசர். முந்தைய ஆண்டுதான் ‘தி மம்மி’யில் உலகம் முழுக்கத் தெரிந்த முகமாகியிருந்தார். இளவரசி செரீனாவுக்கு ஜெனிஃபர் ஹேல். ‘ஸ்டார் டிரெக்’ ஸ்பாக் லியனார்ட் நிமாய், ‘ஸ்டார் வார்ஸ்’ லூக் மார்க் ஹாமில், அடுத்த ஆண்டு ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ குள்ளனாகப் புகழ்பெறப் போகிற ஜான் ரீஸ்-டேவிஸ் எல்லோரும் இதில் உண்டு. கெட்ட மந்திரவாதி ஒருவன் ஏமாற்றி ராஜாவின் உடம்புக்குள் புகுந்துகொள்கிறான், இளவரசி தப்பித்துச் சிந்துபாத்தின் உதவியைத் தேடுகிறாள், மூடுபனித் திரைக்கு அப்பால் இருக்கும் மருந்துச் சரக்கைத் தேடிக் கப்பல் போகிறது. இதுதான் கதை.

மந்திரவாதி, பெண், கடல். தமிழ் வாசகனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. தினத்தந்தியில் 1960-இல் தொடங்கிய கன்னித்தீவில் நம் சிந்துபாத் இன்னும் பயணம் செய்துகொண்டிருக்கிறான். மந்திரவாதி மூசா லைலாவைச் சிறிய உருவமாக்கிவிட்டான், அவளைப் பழையபடி ஆக்க வேண்டும், அதற்குள் அடுத்த தீவு, அடுத்த பூதம். டீக்கடை பெஞ்சில் அந்தக் கட்டத்தை மட்டும் படித்துவிட்டுப் பேப்பரைக் கீழே வைத்தவர்களை எனக்குத் தெரியும். பிற்பாடு பெண்டாமீடியா எடுத்தவற்றையும் பாருங்கள். அலிபாபா: மாடர்ன் தியேட்டர்ஸ் 1956-இல் எம்.ஜி.ஆரையும் பானுமதியையும் வைத்து வண்ணத்தில் எடுத்த கதை. அலாவுதீன்: 1957-இலும் 1979-இலும் தமிழில் வந்தது, இரண்டாவது முறை கமல், ரஜினி இருவரும் இருந்தார்கள். வெளிநாட்டுச் சந்தைக்காகத் தேர்ந்தெடுத்த தலைப்புகள் என்று அந்தக் கம்பெனி நினைத்திருக்கலாம். உண்மையில் அவை கோடம்பாக்கத்தின் சொந்தச் சரக்கு. ராயல்டி கேட்க ஆள் இல்லாத கதைகள் என்பதும் ஒரு வசதி.

சரக்கு மட்டுமல்ல, வித்தையும் இந்த வட்டாரத்தில் இருந்தது. அண்ணா மேம்பாலத்தருகே இன்று பார்க் ஹோட்டல் நிற்கும் மண்ணில் ஜெமினி ஸ்டுடியோ இருந்தபோது, எஸ்.எஸ். வாசன் 1947-இல் ‘சினிமா கதம்பம்’ என்ற கார்ட்டூன் குறும்படம் எடுத்தார். வரைந்தவர் கார்ட்டூனிஸ்ட் தாணு. மறு ஆண்டு ‘சந்திரலேகா’வின் முரசு நடனம் வந்ததும் கார்ட்டூனை யாரும் நினைக்கவில்லை. பத்து ஆண்டு கழித்து வடபழனி விஜயா-வாகினியில் ‘மாயாபஜார்’. மார்க்கஸ் பார்ட்லியின் கேமராவில் எஸ்.வி. ரங்காராவின் கடோத்கஜன் கல்யாணச் சாப்பாட்டை ஒரு கை பார்க்கும் காட்சியில் லட்டு தானாக வாய்க்குள் போகும். கேமராவை நிறுத்தி, பொருளைக் கொஞ்சம் நகர்த்தி, மறுபடி ஓட்டி எடுக்கும் தந்திரம். அனிமேஷனின் அடிப்படையும் அதுதான்.

அந்த ‘மாயாபஜார்’ தளத்தில் கே.வி. ரெட்டியின் உதவியாளர்களில் ஒருவராக நின்ற இளைஞர் சிங்கீதம் சீனிவாச ராவ். பிற்பாடு ‘பேசும் படம்’, ‘அபூர்வ சகோதரர்கள்’, ‘மைக்கேல் மதன காமராஜன்’ எல்லாம் எடுத்துவிட்டு, எழுபது வயது தாண்டியபின் 2003-இல் பெண்டாமீடியாவுக்காக ‘சன் ஆஃப் அலாதின்’ என்ற அனிமேஷன் படத்தை இயக்கினார். அது போதாதென்று 2008-இல் ‘கடோத்கஜ்’. தான் உதவியாளராக நின்று பார்த்த கடோத்கஜனை ஐம்பது ஆண்டு கழித்துக் குழந்தையாக்கி, கோட்டோவியத்தில் ஓடவிட்டார். சென்னை அனிமேஷன் வரலாற்றில் எனக்குப் பிடித்த மனிதர் இவர்தான். மற்றவர்கள் எந்திரத்தைப் பற்றிப் பேசியபோது இவர் ஒருவருக்குத்தான் குழந்தை எந்த இடத்தில் சிரிக்கும் என்று தெரிந்திருந்தது.

ஆனால் பெண்டாஃபோர் அந்தப் பரம்பரையில் முளைத்த செடி அல்ல. அது மென்பொருள் ஏற்றுமதிக் கம்பெனி. இதைப் புரிந்துகொண்டால்தான் சிந்துபாத் ஏன் அப்படிப் பிறந்தான் என்பது விளங்கும். வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது 1995 ஆகஸ்ட் 15-இல். அதே காலத்தில்தான் சென்னை இளைஞர்கள் அமெரிக்கக் கம்பெனிகளுக்கு நிரல் எழுதித் தரும் தொழில் சூடு பிடித்தது. இன்னொரு பக்கம், கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் என்றால் தமிழ் ரசிகனுக்கு ஷங்கர் படம். ‘காதலன்’ பாட்டில் ஆளே இல்லாமல் உடை மட்டும் ஆடியது, ‘இந்தியன்’ படத்தில் கமல் நேதாஜி படையில் நின்றது, ‘ஜீன்ஸ்’ படத்தில் எலும்புக்கூடு நாட்டியம் ஆடியது. கடைசி இரண்டுக்கும் எஸ்.டி. வெங்கி தேசிய விருது வாங்கினார். நிரல் எழுதும் கூட்டமும் கிராஃபிக்ஸ் கூட்டமும் ஒரே ஊரில், ஆட்டோவில் போய்வரும் தூரத்தில் இருந்தன. இரண்டையும் சேர்த்தால் படத்தையே ஏற்றுமதி செய்யலாமே என்ற யோசனை ஒரு ஏற்றுமதிக்காரனுக்குத்தான் வரும். ஸ்டுடியோ முதலாளிக்கு வராது. அவருக்கு ஹீரோ கால்ஷீட் வேண்டும், தீபாவளி ரிலீஸ் வேண்டும்.

கொரியாவிலும் பிலிப்பைன்ஸிலும் இருந்த அனிமேஷன் கடைகள் அமெரிக்கத் தொடர்களுக்குக் கூலி வேலை செய்தே பெரிதானவை. கோடம்பாக்கத்து ஆசை அதைவிடப் பெரியது. கூலியாக இல்லாமல் படத்துக்குச் சொந்தக்காரனாக இருக்க வேண்டும். இந்த இடத்தில் நான் அவர்கள் பக்கம். ஏற்றுமதிக் கணக்கு எங்கே இடித்தது என்றால், கதையையும் முகத்தையும் அது செலவுப் பட்டியலில் ஒரு வரியாகப் பார்த்தது.

முகம்தான் முதலில் காலை வாரியது. 1995-இல் ‘டாய் ஸ்டோரி’ எடுத்த பிக்ஸார் கெட்டிக்காரத்தனமாகப் பொம்மைகளைத் தேர்ந்தெடுத்தது. அன்றைய கணினிக்கு எதை வரைந்தாலும் பிளாஸ்டிக் மாதிரிதான் வரும், ஆகவே பிளாஸ்டிக்கையே கதாநாயகன் ஆக்கிவிட்டார்கள். மூன்று ஆண்டு கழித்து எறும்புக் கதை எடுத்தார்கள், அதற்கும் வழவழப்பான உடம்பு போதும். ‘டாய் ஸ்டோரி’யிலும் மனிதர்கள் வருகிற இடங்களைப் பார்த்தால் கண் உறுத்தும். சிந்துபாத் படமோ எடுத்த எடுப்பிலேயே மனிதர்களிடம் போனது. ரோபோ ஆராய்ச்சியாளர் மசாஹிரோ மோரி 1970-லேயே எச்சரித்திருந்தார்: பொம்மை மனிதனைப் போல ஆக ஆக நமக்கு அதன்மேல் ஒட்டுதல் கூடும், ஆனால் மனிதனாகிவிடப் போகிறது என்கிற கட்டத்துக்குச் சற்று முன் அந்த ஒட்டுதல் சட்டென்று அருவருப்பாகச் சரியும். சிந்துபாத்தின் நடை மனித நடை. இடுப்பு சாய்வதும் தோள் திரும்புவதும் உயிருள்ள ஒருவர் செய்தவை. கண்ணோ எங்கேயும் பார்க்காது. தோல் மெழுகு மாதிரி. நடை எவ்வளவு நிஜமாகிறதோ அவ்வளவுக்கு முகம் செத்துப் போகிறது. குழந்தைகள் இதை விளக்கிச் சொல்லமாட்டார்கள், அம்மா மடியில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நான்கு ஆண்டு கழித்து டாம் ஹாங்க்ஸையும் ஹாலிவுட் பணத்தையும் வைத்துக்கொண்டு ‘போலார் எக்ஸ்பிரஸ்’ எடுத்த ராபர்ட் ஜெமெக்கிஸும் இதே பள்ளத்தில்தான் விழுந்தார். கோடம்பாக்கம் சின்ன விளக்கோடு போய் முதலில் விழுந்தது, அவ்வளவே வித்தியாசம்.

அமெரிக்காவில் படம் மிகச் சில அரங்குகளில் மட்டும் வெளியானது. வசூல் ஒரு லட்சம் டாலரைக்கூட எட்டவில்லை. மூன்று ஆண்டு கழித்து டிரீம்வொர்க்ஸ் தன் பங்குக்கு ஒரு சிந்துபாத் படம் எடுத்தது, பிராட் பிட் குரலில். அதுவும் பெருநஷ்டம், அதோடு அந்த நிறுவனம் கையால் வரையும் முழுநீளப் படங்களையே விட்டுவிட்டது. அரபிக் கதைக்கும் அமெரிக்கக் கல்லாப் பெட்டிக்கும் ஏதோ பொருத்தம் சரியில்லை.

சிந்துபாத் தோற்ற அதே 2000-இல் கம்பெனி இன்னொரு படத்தை முடித்தது. ‘பாண்டவாஸ்: தி ஃபைவ் வாரியர்ஸ்’. இயக்கியவர் உஷா கணேசராஜா. இந்தியாவின் முதல் முழுநீள 3டி கணினி அனிமேஷன் படம் என்று இதைச் சொல்வார்கள். ஒரு பெண் இயக்கியது என்பதை மட்டும் ஏனோ சேர்த்துச் சொல்வதில்லை. சிந்துபாத்தைவிட இதற்குச் சொந்த மண் இருந்தது. கபாலி கோயில் கதா காலட்சேபத்திலும் தெருக்கூத்திலும் கேட்டு வளர்ந்த ஊருக்குத் திரௌபதியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. படத்துக்குத் தேசிய விருதும் கிடைத்தது. எந்தப் பிரிவில்? சிறந்த ஆங்கிலப் படம்! கோடம்பாக்கத்தில் எடுத்த மகாபாரதம் ஆங்கிலத்தில் பேசியதால் ஆங்கில வரிசையில் போய் உட்கார்ந்தது. ஏற்றுமதிக்குப் பிறந்த பிள்ளை வேறு எந்த பாஷை பேசும்?

இதற்கு முன்பே இராமாயணம் போய்விட்ட வழி வேறு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்துக்கொண்டிருந்த ராம் மோகன் அதை விட்டுவிட்டு, 1956-இல் பம்பாய் ஃபிலிம்ஸ் டிவிஷன் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தார். டிஸ்னியின் ‘பாம்பி’யில் வேலை செய்த கிளேர் வீக்ஸ் அங்கே பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். பின்னாளில் யூகோ சாகோவோடு சேர்ந்து ராம் மோகன் ஜப்பானியக் கூட்டில் எடுத்த ராமர் படம் கையால் வரைந்தது, நிதானமானது, இன்றைக்கும் வீட்டுக்கு வீடு குழந்தைகள் பார்க்கிறார்கள். அதில் ராமன் கண்ணைச் சிமிட்டினால் சிமிட்டியது தெரியும். எந்திரம் பழசு, கை தேர்ந்தது. பாண்டவர் படத்தில் நேர் எதிர்.

பெண்டாமீடியாவின் பெயரைச் சினிமாப் பக்கத்தில் படித்தவர்களைவிடச் செய்தித்தாளின் பங்குச் சந்தைப் பக்கத்தில் படித்தவர்கள் அதிகம். மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் ரிட்டையரான பெரியவர்கள் படம் பார்க்காமலே அதன் விலையை ஒப்பிப்பார்கள். மும்பைத் தரகர் கேதன் பாரேக் ஏற்றிவிட்டவை என்று பேசப்பட்ட ‘கே-10’ பங்குகளில் பெண்டாமீடியாவும் ஒன்று. 2001 மார்ச்சில் அந்தக் கோட்டை சரிந்து, மாதக் கடைசியில் அவர் கைதானார். அதே ஆண்டு ‘சிம்ப்ஸன்ஸ்’ தொடரைத் தயாரித்துக்கொண்டிருந்த அமெரிக்காவின் ஃபிலிம் ரோமன் நிறுவனத்தின் பெரும்பங்கை வாங்கப் பெண்டாமீடியா ஒப்பந்தம் போட்டது. அது நடக்காமல் போனது. நடந்திருந்தால் ஹோமர் சிம்ப்ஸனின் தலைமை அலுவலகம் யுனைடெட் இந்தியா காலனியில் இருந்திருக்கும். நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் வயிற்றெரிச்சலும் வருகிறது.

சந்தை சரிந்த பிறகும் படங்கள் நிற்கவில்லை என்பதை மெச்ச வேண்டும். அலிபாபா, அலாவுதீன் மகன், புத்தர், கலிவர் எல்லாம் சரிவுக்குப் பின் வந்தவை. கலிவரை இயக்கியவர் அனிதா உதீப். லில்லிபுட்டில் தொடங்கியவர் பிறகு ‘குளிர் 100 டிகிரி’ எடுத்தார், அதற்கும் பிறகு பெரியவர்களுக்கு மட்டுமான ‘90 எம்.எல்.’ எடுத்தார். அனிமேஷனில் பழகி வந்தவர்களை உள்ளூரில் தக்க வைக்கக் குழந்தைப் படங்களுக்கு ஒரு சந்தையே இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. பெண்டாமீடியா குழுமம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கானாத்தூரில் கட்டிய மாயாஜால் திரையரங்க வளாகம் இன்றும் இருக்கிறது. பெரும்பாலோருக்கு அதன் பின்னால் இருந்த அனிமேஷன் கதை தெரியாது. பாப்கார்ன் விலை தெரியும்.

தமிழிலேயே பேசிப் பிறந்த முழுநீள 3டி அனிமேஷன் படம் 2007-இல்தான் வந்தது, ‘இனிமே நாங்கதான்’. இயக்கம் வெங்கிபாபு, இசை இளையராஜா. இளையராஜா இசையமைத்த படம் ஒன்று இந்த ஊரில் இப்படிச் சத்தமில்லாமல் போனது அபூர்வம்.

பிறகு மோஷன் கேப்சர் மறுபடி வந்தது, இந்த முறை ரஜினிகாந்த் உடம்பில். அவர் மகள் சௌந்தர்யாவின் ஆக்கர் ஸ்டுடியோ முதலில் ‘சுல்தான் தி வாரியர்’ என்று ஆரம்பித்தது, அது வெளிவரவில்லை. 2014 மே மாதம் ‘கோச்சடையான்’ வந்தது. கதை கே.எஸ். ரவிகுமார், இசை ஏ.ஆர். ரகுமான். 2009-இல் மறைந்த நாகேஷைக் கணினியில் நடிக்க வைத்தார்கள். அசைவுப் பதிவு லண்டன் பைன்வுட் ஸ்டுடியோவிலும் திருவனந்தபுரத்திலும் நடந்தது. 1997-இல் லாஸ் ஏஞ்சலஸ் போன சென்னை, பதினைந்து ஆண்டு கழித்தும் உடம்பை அளக்க விமானம் ஏறத்தான் வேண்டியிருந்தது. சிக்கலும் பழைய சிக்கல்தான், இன்னும் முற்றிப்போய். சிந்துபாத் எப்படி நடப்பான் என்று எந்த ரசிகனுக்கும் தெரியாது. ரஜினி எப்படி நடப்பார், தலைமுடியை எப்படிக் கோதுவார், சிரிக்கும்போது கண் எப்படிச் சுருங்கும் என்பது தமிழ்நாட்டில் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். மோரி சொன்ன பள்ளத்துக்கு இதைவிட நேர்வழி கிடையாது. குழந்தைகளுக்கான படமாக எடுத்திருந்தால் ஒருவேளை தப்பித்திருக்கும். அதை ரஜினி படமாகவே எடுத்தார்கள், ரஜினி படமாகவே ஜனங்கள் பார்த்தார்கள், ரஜினி எங்கே என்று கேட்டார்கள்.

2025 ஜூலையில் ‘மகாவதார் நரசிம்மா’ வந்தது. அஷ்வின் குமார் இயக்கம், ஹொம்பாலே வெளியீடு. ஐந்து மொழிகளில் ஓடி, இந்திய அனிமேஷன் எதுவும் அதுவரை கண்டிராத வசூலைப் பார்த்தது. பாட்டி, அம்மா, பேரன் என்று குடும்பமாகப் போனார்கள். அந்த ஆண்டு ஆஸ்கர் அனிமேஷன் தகுதிப் பட்டியலில் இருந்த 35 படங்களில் அதுவும் ஒன்று. அதில் வரும் முகங்களும் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. ஆனால் தூணை உடைத்துக்கொண்டு சிங்கமுகம் வெளிவரும்போது மனித முகத்தின் சிக்கலே இல்லை. கதையைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதி வேலை முடிந்துவிட்டது. பாண்டவர் படம் எடுத்த ஊருக்கு அது 25 ஆண்டு கழித்து, வேறு ஊர்க்காரர்கள் கையிலிருந்து, தமிழ் டப்பிங்கில் வந்து சேர்ந்தது.